செஞ்சியில் ஒரு ஸ்மித்

தேசிங்கு ராஜனைப் பற்றி ஒரு சரித்திர நாவல் எழுதப் போவதாகப் பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த நாவலை நான் எழுதவில்லை. இனி எழுதுவேன் என்ற பயமும் யாருக்கும் வேண்டாம். ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு செஞ்சிக்கு ஏழெட்டுத் தடவை போய் வந்திருக்கிறேன். போகும்போதெல்லாம் ஒரு சிநேகிதர் வீட்டில்தான் சாப்பாடு. ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். ஊரே 'வாத்தியார்' என்று அழைப்பதால் நானும் அப்படியே அழைக்கிறேன். அவருடைய சொந்தப் பெயர் முருகக் கடவுளின் திருநாமங்களில் ஒன்று. இதை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பின்னால் வேண்டியிருக்கும்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ராஜகிரியில் ஏறுவதென்று புறப்பட்டோம். வாத்தியாருக்கு எழுபத்திரண்டு வயது. எனக்கும் ஏறக்குறைய அதுவேதான். அடிவாரத்துக்கு வந்ததும், "நீங்க வேணும்னா ஏறிட்டு வாங்க சார், நான் இருக்கேன்" என்றார் அவர். "நீங்கள் ஏறுங்கள், நான் இருக்கிறேன்" என்றேன் நான். இப்படி உபசாரம் செய்துகொண்டே கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்துவிட்டோம்.

செஞ்சியை நாயக்கர்கள் ஆண்டார்கள். பிஜப்பூர் சுல்தான், மராத்தியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக ஆண்டார்கள். 2025இல் யுனெஸ்கோ, மராத்தியரின் மற்றப் பதினோரு கோட்டைகளோடு இதையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. ஆனால் அங்கே இன்றைய தேதியில் உண்மையாக ஆட்சி செலுத்துகிறவை குரங்குகள்தான். நாங்கள் உட்கார்ந்த சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு வெள்ளைக்கார இளைஞனும் அவன் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். அவள் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்ததுதான் தாமதம், ஒரு கடுவன் பாய்ந்துவிட்டது. வாத்தியார் குடையை ஓங்கிக்கொண்டு எழுந்து, தமது வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்களை அதட்டிய அதே குரலில் அதட்டினார். குரங்கு ஓடிவிட்டது, பிஸ்கட்டும் அதோடு போய்விட்டது.

இளைஞன் நன்றி சொல்லிக் கை குலுக்கித் தன் பெயரைச் சொன்னான். முன்பெயர் எதற்கு? குடும்பப் பெயர் ஸ்மித். அதைச் சொல்லும்போது ஒரு சிறு சிரிப்பு. 'என்ன செய்வது, இவ்வளவு சாதாரணப் பெயராக அமைந்துவிட்டது' என்று மன்னிப்புக் கேட்பது போல.

வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. "ஸ்மித்தா! சார், இவர் நம்ம ஆளு!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இங்கிலீஷில் அவனிடம், "நானும் ஸ்மித்தான்" என்றார்.

அவரை அவன் மேலும் கீழும் பார்த்தான். நெற்றியில் விபூதி, தோளில் துண்டு. ஒரு ஸ்மித்தை இந்த வேஷத்தில் அவன் எதிர்பார்க்கவில்லை. வாத்தியார் விளக்கினார்: "என் அப்பா கொல்லர். தாத்தா கொல்லர். அவருக்கு அப்பாவும் கொல்லர். உன் குடும்பத்தில் கடைசியாகச் சம்மட்டி பிடித்தது யார்?"

அவனுக்குத் தெரியவில்லை. அவன் வேலை பார்ப்பது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில். அப்பா பஸ் ஓட்டினார், தாத்தா மளிகைக் கடையில் இருந்தார், அதற்கு மேல் ஞாபகம் இல்லை என்றான். "சுவரில் ஆணி அடிக்கச் சொன்னால்கூட விரலில்தான் அடிப்பார்" என்றாள் அவன் மனைவி.

"இந்த ஊருக்கு வருகிற முதல் ஸ்மித் நீ இல்லை" என்றார் வாத்தியார். இதைச் சொல்வதற்காகவே அவர் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

1761 ஜனவரி 16ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பிரெஞ்சுக்காரருக்கு மிச்சம் இருந்தவை செஞ்சியும், தியாகதுருகமும், மேற்குக் கரையில் மாஹியும்தான். செஞ்சியை முற்றுகையிடச் சிப்பாய்ப் படையோடு வந்தவர் காப்டன் ஸ்டீபன் ஸ்மித். உள்ளே பிரெஞ்சுப் படைக்குத் தலைவராக இருந்தவர் மக்கிரகர். சரணடையும்படி ஸ்மித் சொல்லியனுப்பியதற்கு, லட்சம் பேரைக் கொண்டுவந்தாலும் மூன்று வருஷத்தில் இந்த மலைகளைப் பிடிக்க முடியாது என்று மக்கிரகர் பதில் அனுப்பியதாக, அந்தக் காலத்து யுத்தங்களின் சரித்திரத்தை எழுதிய ராபர்ட் ஓர்ம் குறித்திருக்கிறார். வீண் பெருமை என்று சொல்லிவிட முடியாது. மொகலாயப் படை இதே கோட்டைக்கு வெளியே ஏழெட்டு வருஷம் காத்துக் கிடந்து 1698இல்தான் உள்ளே நுழைந்தது.

ஆனால் மூன்று மாதம்கூட ஆகவில்லை. கீழ்க்கோட்டை விழுந்தது, மற்ற மலைகளும் விழுந்து, ராஜகிரி மட்டும் நின்றது. ஏப்ரல் 5ஆம் தேதி மக்கிரகர், தம் ஆட்களுக்கு உரிய மரியாதையோடு வெளியேற இடம் தந்தால் கோட்டையைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியனுப்பினார். ஸ்மித் உடனே ஒப்புக்கொண்டார். காரணம் தாராள மனசு அல்ல. அதற்குள் அவருடைய சிப்பாய்களில் முந்நூறு பேர் செஞ்சியின் காற்றுக்கே பலியாகியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் கோட்டையை வைத்திருந்த பத்து வருஷத்தில் அவர்கள் பக்கம் ஐரோப்பியர் மட்டும் ஆயிரத்து இருநூறு பேர் இப்படியே போனார்கள் என்கிறார் ஓர்ம். பீரங்கியைவிடக் காய்ச்சல் பெரிய தளபதியாக இருந்திருக்கிறது. எப்படியோ, அன்று ராஜகிரியில் இறங்கியதோடு பிரெஞ்சு அரசாங்கத்தின் கொடி அப்போதைக்கு இந்தியாவில் எங்குமே பறக்காமல் போயிற்று.

"ஸ்டீபன் ஸ்மித் எங்கள் குடும்பமா என்று கேட்காதீர்கள்" என்று இளைஞன் சிரித்தான். "ஸ்மித்துகளில் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது."

அது வாஸ்தவம். இந்தப் பக்கத்துச் சரித்திரத்திலேயே ஆறு வருஷம் கழித்து, 1767 செப்டம்பரில், செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலியோடு சண்டை போட்டவர் கர்னல் ஜோசப் ஸ்மித். அவர் வேறு, இவர் வேறு. நாவலுக்காகக் குறிப்பு எடுத்தபோது இருவரையும் ஒருவராக்கி ஒரு முழு அத்தியாயத்துக்குக் கதை கட்டிவிட்டேன். நாவல் வெளிவராததில் தமிழ்நாட்டுக்கு உண்டான லாபங்களில் இதுவும் ஒன்று.

சென்னைக்குத் திரும்பிய பிறகு இந்தப் பெயரின் பூர்வோத்தரத்தைச் சற்றுத் தேடிப் பார்த்தேன். இங்கிலாந்திலும் ஆதியில் நம்மைப் போலத்தான், குடும்பப் பெயர் கிடையாது. 1066இல் நார்மானியர் வந்து நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்ட பிறகு முதலில் பிரபுக்களுக்கு அது தேவைப்பட்டது. அப்புறம் குடியானவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. கிராமத்தில் பத்துப் பேர் இருந்தால் நாலு பேர் ஜான். எந்த ஜான்? குன்றடியில் இருக்கிறவன் ஹில். ஜானுக்குப் பிறந்தவன் ஜான்சன். மாவு அரைக்கிறவன் மில்லர், துணி தைக்கிறவன் டெய்லர், உலைக்களத்தில் இரும்பு அடிக்கிறவன் ஸ்மித். 1377இலிருந்து 1381க்குள் மூன்று முறை தலைவரி போட்டார்கள். வரி வசூலிக்கிறவனுக்கு 'ஜான்' என்று மட்டும் எழுதிக்கொண்டால் போதுமா? 1538இல் ஒவ்வொரு மாதாகோயிலிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் புத்தகத்தில் பதியவேண்டும் என்று உத்தரவு வந்தது. பேனா பட்டதும் பெயர் உறைந்துவிட்டது. மகன் ரொட்டி சுட்டாலும் ஸ்மித். பேரன் பாதிரியானாலும் ஸ்மித்.

கொல்லன் இல்லாத கிராமம் இல்லை. ஆகவே ஸ்மித் இல்லாத தெருவும் இல்லை. 1851ஆம் வருஷத்து ஜனக்கணக்கை ஒட்டிப் பதிவு இலாகா போட்ட மதிப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஸ்மித்துகள். எல்லாப் பெயர்களுக்கும் முதலாவது அதுதான். ஜெர்மனியில் இவனே ஷ்மிட், பிரான்ஸில் லெஃபெவ்ர், ஹங்கேரியில் கோவாச், அரபு நாடுகளில் ஹத்தாத். இத்தாலியில் ஃபெராரி, பந்தயக் காரின் பெயராகக் கேட்டு நாம் வாயைப் பிளக்கிறோமே, அதுவும் கொல்லுப்பட்டறைதான்.

நம்மிடமும் இந்த வழக்கம் இல்லாமல் இல்லை. சங்கப் புலவர் பட்டியலில் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் இருக்கிறார், தங்கால் பொற்கொல்லன் இருக்கிறார். குறுந்தொகையில் ஒரு பாட்டு மதுரைப் பெருங்கொல்லன் என்பவர் பாடியது. சொந்தப் பெயர் என்னவோ, யாரும் வைத்திருக்கவில்லை. பெரிய கொல்லன், பாட்டும் எழுதுவான், அவ்வளவுதான் விலாசம். இரண்டாயிரம் வருஷத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

பிறகு எங்கேயோ வழி பிரிந்துவிட்டது. அவர்கள் ஊரில் பெயர் தங்கியது, தொழில் கழன்றுகொண்டது. நம் ஊரில் தொழில் பெயரிலேயே ஜாதியும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதை இறக்குவதற்கு நாம் பெயரையே வெட்டவேண்டி வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் ஜாதிப் பட்டங்களை விட்டுவிடவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் ஒருவருடைய பெயரைப் பார்த்து ஜாதி சொல்வது கஷ்டம். கதை எழுதுகிறவனுக்கு இதில் கொஞ்சம் சங்கடம் உண்டு. அந்தக் கால நாவலாசிரியர் 'பிள்ளைவாள்' என்று ஒரு வார்த்தை போட்டால் வீடு, வாசல், சாப்பாடு எல்லாம் வாசகருக்குத் தெரிந்துவிடும். எங்களுக்கு ஒரு பக்கம் வர்ணிக்கவேண்டியிருக்கிறது. அந்தச் சங்கடம் எனக்குச் சம்மதமே.

இங்கிலாந்தில் மட்டும் கொல்லன் பெயர் யாருக்கும் கூசவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஸர் ஹியூ ஸ்மித்ஸன் என்று ஒரு யார்க்ஷயர் சீமான். ஸ்மித்ஸன் என்றால் கொல்லன் மகன். மனைவி பெர்ஸி என்ற பழைய பிரபு வம்சத்தின் வாரிசு. 1750இல் பார்லிமெண்டில் சட்டமே செய்துகொண்டு அவர் கொல்லன் மகனை உதறிவிட்டுப் பெர்ஸி ஆனார். பிற்பாடு நார்தம்பர்லண்டு டியூக்கும் ஆனார். செஞ்சியை பிரெஞ்சுக்காரர் பிடித்த அதே வருஷம். வேடிக்கை என்னவென்றால், முறைப்படி மணக்காத ஒருத்தியிடம் அவருக்குப் பிறந்த பிள்ளை ஜேம்ஸ். தாய் இறந்த பிறகு அந்தப் பிள்ளை, தகப்பன் கழற்றிப் போட்ட பெயரையே தேடி எடுத்து ஸ்மித்ஸன் என்று வைத்துக்கொண்டார். அவர் விட்டுப்போன சொத்திலிருந்து 1846இல் எழுந்ததுதான் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்ஸோனியன். டியூக்கை இன்று யார் நினைக்கிறார்கள்?

எதிரணியில் நின்ற மக்கிரகரின் பெயருக்கு வேறு கதை. 'மக்' என்றால் மகன். கிரகரின் வழி வந்தவர்கள். ஸ்காட்லாந்தில் இது தொழிற்பெயர் அல்ல, குலப்பெயர். அண்டைக் குலத்தோடு நடந்த ஒரு கொடும் சண்டைக்குப் பிறகு 1603இல் அரசர் ஆறாம் ஜேம்ஸ், மக்கிரகர் என்ற பெயரை இனி யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்று உத்தரவிட்டார். நடுவில் சில காலம் விலக்கினார்கள்; 1693இல் திரும்பவும் போட்டார்கள்; கடைசியாக ரத்து ஆனது 1774இல். அந்தக் குலத்தில் பேர்போன ராப் ராய்கூடத் தாயார் வழிப் பெயரான காம்ப்பெல் என்பதை வைத்துக்கொண்டு நடமாடவேண்டி வந்தது. கணக்குப் பாருங்கள்: 1761இல் செஞ்சி மலைமேல் நின்று மக்கிரகர் என்று கையெழுத்துப் போட்ட மனிதருக்கு, சொந்த நாட்டில் அந்தக் கையெழுத்து சட்ட விரோதம். அந்நியக் கொடியின் கீழ், காய்ச்சல் பிடித்த ஒரு தமிழ்நாட்டு மலையில்தான் அவருக்கு அது தடையில்லாத பெயராக இருந்தது.

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். "வாருங்கள், உங்கள் தொழிலைக் காட்டுகிறேன்" என்று சொல்லி ஸ்மித் தம்பதிகளை வாத்தியார் ஊருக்குள் அழைத்துப் போனார். அவருடைய அண்ணன் மகன் இன்னும் பட்டறை வைத்திருக்கிறான். துருத்தி போய் மின்சார ஊதி வந்துவிட்டது. இரும்பு, கழித்துப் போட்ட லாரிப் பட்டை. மற்றபடி பட்டறைக்கல்லும் குறடும் சம்மட்டியும் தாத்தா காலத்தவை. "வாங்க சித்தப்பா" என்று எழுந்தவன், விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பழுத்த இரும்பைக் கல்லின்மேல் பிடித்து ஸ்மித்திடம் சம்மட்டியைக் கொடுத்தான். முதல் அடி கல்லில் விழுந்தது. இரண்டாவது எங்கேயோ விழுந்தது. நாலாவது அடி சரியாக விழுந்து பொறி பறந்ததும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! வெளியில் வந்த பிறகும் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கதிர் அரிவாள் வாங்கினான். விமானத்தில் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள், பெட்டியில் வைத்து அனுப்பு என்று வாத்தியார் எச்சரித்தார்.

அவர்கள் காரில் ஏறிப் போனபின் வாத்தியார் வெகு நேரம் பேசாமல் நடந்தார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும், "ஒரு தப்பு பண்ணிட்டேன் சார்" என்றார்.

அவர் சின்ன வயசில் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியர் இவரை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "ஏய் கொல்லா" என்றுதான் கூப்பிடுவார். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய அன்று, "சம்மட்டி பிடிக்கிற கைக்குக் கணக்கு எதுக்குடா?" என்று கேட்டாராம். எஸ்.எஸ்.எல்.ஸி. புத்தகம் எழுதும்போது, பட்டம் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று இவரே போய்ச் சொல்லிவிட்டார். அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நின்றது. அப்பாவின் தொழில் பின்னாலிருந்து போய்விட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது.

பிற்பாடு இவர் மகன் எஞ்ஜினீயராகி இங்கிலாந்துக்குப் புறப்பட்டான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம். "என்ன போடறதுப்பா?" என்று கேட்டான். "என் பெயரைப் போடு" என்றார். அங்கே அவனுக்கு ஒரு பெண் பிறந்தது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எல்லா இடத்திலும் பெயருக்குப் பின்னால் தாத்தா பெயரே தொடர்ந்துவிட்டது. நம் முறைப்படி பார்த்தால் அது அவள் அப்பா பெயராக மாறியிருக்கவேண்டும். அந்த ஊர்ப் பேனா விடவில்லை. ஆக, செஞ்சியில் முருகன் பெயராக இருந்தது இன்று இங்கிலாந்தில் ஒரு குடும்பப் பெயர். ஸ்மித்தும் மில்லரும் இருக்கிற அதே வரிசையில் இதுவும் நிற்கிறது. அதற்கு மூலபுருஷர் என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"போன வாரம் பேத்தி போன் பண்ணினா. பள்ளிக்கூடத்துல எல்லாரும் அவங்கவங்க குடும்பப் பெயர் எப்படி வந்துச்சுன்னு எழுதிட்டு வரணுமாம். அவ வகுப்புல ரெண்டு ஸ்மித் இருக்காம். 'தாத்தா, நம்ம பேரு எப்போ ஆரம்பிச்சது?'ன்னு கேட்டா. நான் பிறந்த வருஷத்தையா சொல்றது? முருகன் கதையைச் சொன்னேன். வேல் கதையைச் சொன்னேன். பட்டறையைச் சொல்லலை."

"ஏன்?"

"வாய் வரலை சார். அந்தப் பையன்கிட்ட எவ்வளவு சுலபமா சொன்னேன் பாருங்க. அவன்கிட்ட நம்மை நிறுக்கிறதுக்குத் தராசு கிடையாது. பேத்திகிட்டயும்தான் கிடையாது. என்கிட்ட இருக்கு."

உள்ளே போனார். சமையலறையில் அவர் மனைவியிடம் ஏதோ கேட்கும் குரல் வந்தது. திரும்பி வரும்போது ஒரு கையில் பழைய அரிவாள்மணை, மற்றதில் டெலிபோன். அங்கே அப்போது பகல் சாப்பாட்டு நேரமாம். சிறிது நேரத்தில் அந்தச் சின்னக் கண்ணாடியில் இரட்டைப் பின்னலோடு ஒரு முகம் தெரிந்தது.

"கண்ணு, அன்னிக்கு உன் பாடத்துக்குச் சொன்னேனே, அதுல ஒண்ணு விட்டுப்போச்சு" என்று ஆரம்பித்தார்.

அரிவாள்மணையின் அலகை, அடிப்பக்கம் தெரியும்படி டெலிபோனுக்கு முன்னால் சாய்த்துப் பிடித்தார். துரு ஏறிய இரும்பில் ஒரு பிறையும் இரண்டு புள்ளிகளும் வெட்டியிருந்தன. எழுத்தறியாத மனிதர் தாம் அடித்த சாமான்களிலெல்லாம் வைத்த அடையாளம்.

"தாத்தா, அது என்ன?"

"அதுவா? அதுதாம்மா எங்க அப்பா கையெழுத்து."

திண்டிவனம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் பேசிக்கொண்டே எனக்குத் தலையசைத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.